வேலைக்குப் போய்க்கொண்டே வெளிநாட்டு மொழி கற்க எந்தச் செயலி நல்லது?

"தினமும் பதினைந்து நிமிடம்தான் கிடைக்கும், ஒரே ஒரு செயலியின் பெயரைச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த மொழி என்று எழுதவில்லை. நீங்கள் இன்னும் மொழியைத் தேடவில்லை, செயலியைத்தான் தேடுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். தவறாக நினைக்க வேண்டாம். நானும் அப்படித் தொடங்கிய ஆள்தான்.

நான் எடுத்தது ஜப்பானிய மொழி. செயலியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அதன் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். 412 நாள் இடைவிடாமல் படித்தேன். "படித்தேன்" என்பதே கொஞ்சம் பெரிய வார்த்தை. நாள் கணக்கு அறுந்துவிடக் கூடாது என்று பாதி நாள் இரவு 11:50க்கு முதல் வாரத்துப் பாடத்தையே, 'தண்ணீர்', 'நாய்', 'பூனை' என்று தட்டிக்கொண்டிருந்தேன். அம்மா மருத்துவமனையில் இருந்தபோது வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தும் தட்டியிருக்கிறேன். அதைப் பார்த்த தங்கை என்ன நினைத்தாள் என்று இன்றுவரை கேட்கவில்லை.

அதன் பிறகு ஒரு ஜப்பானிய ஆசிரியையோடு காணொளியில் அரை மணி நேரம் பேச ஏற்பாடு செய்துகொண்டேன். வணக்கம் சொல்லி முடித்ததும் அவர் கேட்டார்: "இத்ஸு கரா நிஹோங்கோ ஓ பென்க்யோ ஷிதே இமஸு கா?" எனக்கு 'நிஹோங்கோ' மட்டும் காதில் விழுந்தது. இன்னொரு முறை நிதானமாகக் கேட்டார். நான் சிரித்துக்கொண்டே "ஹை" என்றேன். அதாவது, "எப்போதிலிருந்து படிக்கிறீர்கள்?" என்று கேட்டவரிடம் "ஆமாம்" என்று சொல்லியிருக்கிறேன்.

அவர் அந்த வாக்கியத்தை எழுதி அனுப்பினார். அன்றிரவு அதைத் தாளில் பிரித்துப் பார்த்தேன். இத்ஸு, எப்போது. கரா, இருந்து. நிஹோங்கோ என்பது ஜப்பானிய மொழி; அதன் பின்னால் வரும் ஓ நம் இரண்டாம் வேற்றுமை 'ஐ' செய்யும் வேலையைச் செய்கிறது. பென்க்யோ, படிப்பு. ஷிதே, செய்து. இமஸு, இருக்கிறீர்கள். கடைசிக் 'கா' கேள்வி என்று காட்டுவதற்கு. "எப்போதிலிருந்து ஜப்பானிய மொழியைப் படித்துக்கொண்டு இருக்கிறீர்கள்?" வரிசைகூட மாறவில்லை! ஆனால் செயலி எனக்குப் பாடம் நடத்தியது ஆங்கிலத்தின் வழியாக. கடைசியில் இருக்கும் வினையை மனதுக்குள் ஆங்கிலத்துக்காக முன்னே இழுத்து, பொருள் புரிந்துகொண்டு, மறுபடி கடைசிக்குத் தள்ளி, 412 நாளும் தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டிருக்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால், இதே வாக்கியம் செயலியிலும் வந்திருக்கிறது, சரியாகவும் செய்திருக்கிறேன். சொற்கள் கட்டங்களாகக் கீழே கிடக்கும், எடுத்து அடுக்கினால் போதும். விடையைக் கண்ணெதிரே வைத்துவிட்டு அடையாளம் காட்டச் சொல்வது ஒன்று. எதுவும் இல்லாமல் மனதிலிருந்து எடுப்பது முற்றிலும் வேறு. ஆகவே எந்தச் செயலியை எடுத்தாலும், விடைக் கட்டங்களைக் காட்டாமல் உங்களை எழுதவோ பேசவோ வைக்கிறதா என்று முதல் வாரத்திலேயே பாருங்கள். இல்லையென்றால் நீக்கிவிடுங்கள். ஜப்பானிய மொழி என்றால், சொற்களை ஆங்கில எழுத்தில் (ரோமன் எழுத்தில்) காட்டுவதை அணைக்கும் வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஜப்பானிய ஒலியெழுத்தான ஹிராகனாவில் அடிப்படை எழுத்துகள் 46தான். 247 எழுத்தைக் கற்ற நாம் அதற்குப் பயப்படலாமா? (சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகளுக்குப் பயப்படலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கு என்று அரசு வகுத்த பட்டியலிலேயே 2136 இருக்கின்றன.)

சொற்களை நினைவில் வைக்க நான் இப்போது பயன்படுத்துவது அன்கி என்ற செயலி. போட்டுக்கொள்ளும் அங்கி அல்ல. ஜப்பானிய மொழியில் 'மனப்பாடம்' என்று பொருள். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் காசு. ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பொருள் என்று அட்டைகள் இருக்கும்; நீங்கள் ஒரு சொல்லை மறக்கப்போகும் சமயம் பார்த்து அதன் அட்டையைத் திரும்பக் காட்டும். ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் தன்னைத்தானே சோதித்து மறதியைப் பற்றி 1885இல் எழுதினாரே, அதிலிருந்து வளர்ந்த யோசனை. பார்க்க அழகாக இருக்காது, பாராட்டவும் செய்யாது. எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. அட்டைகளை மட்டும் நீங்களே எழுதுங்கள். பிறர் செய்த ஆயிரம் அட்டைகளை இறக்கிக்கொண்டால் பத்தாம் நாள் ஓடிவிடுவீர்கள்.

"நான் செயலியில் மட்டுமே படித்து ஜே.எல்.பி.டி. (ஜப்பானிய மொழித் திறன் தேர்வு) தேறினேன்" என்று யாராவது கீழே எழுதுவார்கள். தேறியிருக்கலாம், மறுக்கவில்லை. அந்தத் தேர்வில் பேச்சுப் பகுதியே கிடையாது; கொடுத்த விடைகளில் ஒன்றைக் குறிப்பதுதான். நானும் பிற்பாடு அதில் நான்காம் நிலை தேறினேன். தேறி என்ன? ஜப்பானிய வாடிக்கையாளரைச் சந்திக்க என் அலுவலகம் அனுப்பியது, அந்த மொழியில் ஒரு சொல்லும் தெரியாத ஒருவரை. "அங்கே எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியும்" என்றார் மேலாளர். போனவர் திரும்பி வந்து ஒலிப்பதிவை என்னிடம் கொடுத்து, "இடையில் அவர்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள்" என்றார். இரண்டு மாலை உட்கார்ந்து, புரிந்தவரை எழுதிக் கொடுத்தேன். அறிக்கை மேலே போனது. அதில் என் பெயர் இல்லை. நீங்கள் பதவி உயர்வுக்காகப் படிப்பதாக இருந்தால் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, உங்கள் பதினைந்து நிமிடம். பத்து நிமிடம் அட்டைகள். மீதி ஐந்து நிமிடம் வாய்விட்டுப் பேசுங்கள், சுவரிடமாவது. மாதம் ஒரு முறை மனிதர் ஒருவரிடம். நாள் கணக்கு அறுந்தால் அறுந்துபோகட்டும். ஐந்து மாதம் கழித்து அதே ஆசிரியை அதே கேள்வியைக் கேட்டபோது "கோகாகெட்ஸு மாஏ கரா", ஐந்து மாதத்துக்கு முன்பிருந்து, என்றேன். 412 நாளைச் சேர்க்கவில்லை.

எந்த மொழி என்று எழுதுங்கள். ஜப்பானிய மொழியோ கொரிய மொழியோ என்றால், இரண்டிலும் வினை நம்மைப்போல் கடைசியில்தான் வரும். பாடத்தில் வரும் ஒவ்வொரு வாக்கியத்தின் கீழும் தமிழை எழுதிக்கொண்டு, ஆங்கில வரியை விரலால் மறைத்துக்கொள்ளுங்கள்.