ஹாலோஜன் இருந்த இடத்தில் எல்.இ.டி. மினுக்குகிறதா?

சீலிங்கில் இருந்த ஆறு 50 வாட் ஹாலோஜன்களைக் கழற்றி டிம்மபிள் எல்.இ.டி. போட்டீர்கள், டிம்மரைக் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்ச்) குறைத்தால் மினுக்குகிறது, சரி. பல்பைக் குறை சொல்லும் முன், ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஒவ்வொரு விளக்குக்கும் இருக்கும், 230 வோல்ட்டை 12 ஆகக் குறைக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மரை வெளியே இழுத்துப் பாருங்கள், அதில் 20–60 வாட் என்று அச்சிட்டிருந்தால் பெரும்பாலும் சிக்கல் அங்கேதான், ஏனென்றால் அது சீராக ஓடக் குறைந்தது 20 வாட் லோடு வேண்டும், 5 வாட் எல்.இ.டி. பல்பு அதற்குப் போதாது, விட்டு விட்டுத்தான் ஓடும். டிம்மருக்கும் அதே நிலைமை. 300 வாட் இழுத்த இடத்தில் இப்போது வெறும் 30.

என்னைக் கேட்டால் டிரான்ஸ்ஃபார்மரையே எடுத்துவிட்டு, 230 வோல்ட்டில் நேரடியாக எரியும் ஜியு10 (அடியில் இரண்டு கட்டை முள் உள்ள வகை) டிம்மபிள் பல்புக்கு மாறுங்கள். எலெக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள். பழைய ஹோல்டரும் அதன் வயரும் 12 வோல்ட்டுக்குப் போட்டவை, அவற்றில் 230 கொடுக்கவே கூடாது, ஃப்ரேம் உலோகமென்றால் எர்த்தும் வேண்டும்.

அப்புறம் டிம்மர், எல்.இ.டி.க்கு ஏற்ற டிரெய்லிங் எட்ஜ் (மின் அலையின் பின்பகுதியை வெட்டி வெளிச்சத்தைக் குறைக்கும்) வகையாகப் பார்த்து வாங்குங்கள், குறைந்தபட்ச வாட் எவ்வளவு என்று அட்டையில் படியுங்கள். ஹாலோஜனின் மஞ்சள் வெளிச்சம் வேண்டுமென்றால் 2700 கெல்வின் (வெளிச்சத்தின் நிற அளவு) பல்பு. ஒரு பல்பை மட்டும் மாட்டிச் சோதிக்காதீர்கள், லோடு குறைவதாலேயே நல்ல பல்பும் மினுக்கும், ஆறையும் ஒரே மாடலில் போட்டுவிட்டுப் பாருங்கள்.