தகரப்பெட்டியில் ஐந்து கத்திகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மூன்று வருடமாக விடுமுறை நாட்களில் கத்தி செய்கிறேன். தொழில் வேறு, இது ஆசைக்கு. 1084 என்ற கார்பன் எஃகுப் பட்டையை அறுப்பது, தேய்ப்பது, பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கித் துவைச்சல் போடுவது, மரப்பிடி பொருத்துவது என்று எல்லாம் நானேதான். இதுவரை ஏழு கத்திகள். இரண்டை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டேன். மீதி ஐந்தும் எண்ணெய் தடவி, துணி சுற்றித் தகரப்பெட்டியில் இருக்கின்றன.

என் பையில் இருப்பதோ கடையில் வாங்கிய மடக்குக் கத்தி. போன வாரம் அலுவலகத்தில் ஒரு பார்சலைப் பிரிக்க அதை எடுத்தேன். பக்கத்து மேசைக்காரர், "ஏன் சார், கத்தி செய்றவர் நீங்க, வாங்கின கத்தியையா வச்சிருக்கீங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் அந்தக் கேள்வி இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

உண்மையைச் சொன்னால் பயம்தான். நான் போட்ட துவைச்சல் மேல் எனக்கே நம்பிக்கை இல்லை. வேலைக்கு நடுவில் முறிந்தால்? மெருகில் கீறல் விழுந்தால்? இடுப்பில் மாட்டினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? தான் செய்ததைத்தான் வைத்திருக்க வேண்டும் என்பது வெறும் வீம்பா, இல்லை அதில் ஏதாவது இருக்கிறதா?

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

பக்கத்து மேசைக்காரரை முதலில் விட்டுவிடுவோம். ஆயிரக்கணக்கில் செய்து, தவறுகளைத் திருத்தித் திருத்தி வந்த பொருள் உங்கள் பையில் இருக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

என்னை நிறுத்தியது போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரி. இரண்டை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டேன் என்கிறீர்கள். உங்கள் கையில் முறிந்துவிடுமோ என்று நீங்கள் அஞ்சும் கத்தி இப்போது அவர்கள் கையில் இருக்கிறது. கோபித்துக்கொள்ள வேண்டாம், நானும் இதைச் செய்தவன்தான். நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கொல்லன். என் முதல் கத்தியை நண்பர் ஒருவருக்குப் பரிசாகக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து அவர் வீட்டில் அதை எடுத்துப் பார்த்தால், ஓரம் எலி கடித்தது போல உதிர்ந்திருந்தது. கம்பிகளைச் சேர்த்துக் கட்டும் நைலான் பட்டையை அதனால் நறுக்கியிருக்கிறார், அவ்வளவுதான். "நல்லாத்தாங்க வெட்டுது" என்றார் மரியாதைக்கு. எண்ணெயில் முக்கிய பிறகு கொடுக்க வேண்டிய மறுசூட்டில் கோட்டை விட்டிருந்தேன். அடுப்பின் முள் 200 டிகிரி காட்டியது, நம்பிவிட்டேன். உள்ளே ஒரு தெர்மாமீட்டரை வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

அதனால் என் பதில், எடுத்துச் செல்லுங்கள் என்பதுதான். வீம்புக்காக அல்ல. நம் கத்தியின் கோளாறு முதலில் நமக்குத் தெரியட்டும், வாங்கிக்கொண்டவர்களுக்கு அல்ல.

பயத்துக்குத் தனியாக வழி இருக்கிறது. 1084 பற்றி உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப்போவதில்லை. 770 டிகிரி செல்சியஸ் வாக்கில் காந்தம் ஒட்டாமல் போகும். இன்னும் கொஞ்சம் ஏற்றி, 815 அளவில் எண்ணெயில் முக்கினால் அரம் வழுக்குகிற அளவுக்கு இறுகும். அந்த நிலையில் அது கண்ணாடிக்கு அண்ணன், கைதவறித் தரையில் விழுந்தாலே உடையலாம். 200 டிகிரியில் இரண்டிரண்டு மணி நேரமாக இருமுறை சூடு காட்டிய பிறகுதான் அது கத்தி. நம் மறுசூடு சரியாக ஏறியதா என்று பார்க்கப் பென்சில் தடிமனில் ஒரு பித்தளைக் கம்பி போதும். கம்பியை வைஸில் படுக்கையாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கூர்போட்ட கோணத்திலேயே அலகைச் சாய்த்து, கம்பியின் மேல் அழுத்தி மெதுவாக இழுங்கள். பின்னால் விளக்கு இருந்தால், கம்பி படுகிற இடத்தில் ஓரம் மெல்லிய அலை போல வளைவது தெரியும். அலை கூடவே வந்து மறைந்தால் கவலையில்லை. வளைந்தது வளைந்தபடியே நின்றால் எஃகு மென்மையாக இருக்கிறது, சாணையில் சூடேறி ஓரம் நீலம் பாய்ந்திருந்தாலும் இப்படி ஆகும். உதிர்ந்தால் மறுசூடு போதவில்லை. பிடியைக் கழற்றிவிட்டுப் பத்துப் பதினைந்து டிகிரி கூட்டி மறுபடியும் சூடு காட்டலாம். பிடியோடு வைத்தால் பசை கருகிவிடும்.

கீறலுக்குப் பயப்படுவதைப் பற்றி என்ன சொல்ல? அமெரிக்காவில் 1976இல் தொடங்கிய பிளேடுஸ்மித் சொசைட்டி என்ற கத்திக் கொல்லர் சங்கம் ஒரு தேர்வு வைக்கிறது. தான் அடித்த கத்தியால், தொங்கும் ஓர் அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். இரண்டுக்கு நாலு அங்குல மரச்சட்டத்தை இரண்டு முறை வெட்டித் துண்டாக்க வேண்டும். அதற்குப் பிறகும் அதே ஓரம் கைமயிரைச் சிரைக்க வேண்டும். கடைசியில் அலகை வைஸில் பிடித்து 90 டிகிரி வளைப்பார்கள், முறியக்கூடாது. தேறினாலும் தேறாவிட்டாலும் கத்தி காலி.

எண்ணெய், துணி, பெட்டி என்று வாசித்ததும் எனக்கு ஔவையார் ஞாபகம்தான் வந்தது. புறநானூற்றின் 95ஆம் பாட்டு, அதியமானுக்காகத் தூது போனபோது தொண்டைமானிடம் பாடியது. தொண்டைமானின் ஆயுதங்கள் மயில்பீலி சூடி, நெய் பூசி, காவல் உள்ள மாளிகையில் இருக்கின்றன. அதியமானின் வேல்கள் நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. கேட்பதற்குப் புகழ்ச்சி மாதிரிதான் இருக்கும், தொண்டைமானுக்கு எப்போது உறைத்ததோ. உங்கள் தகரப்பெட்டி எந்தப் பக்கம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஐந்தில் அழகானதை எடுக்காதீர்கள். அதை எடுத்தால் பொத்திப் பொத்தித்தான் வைப்பீர்கள். மெருகு சுமாராக, அலகு சின்னதாக, பித்தளையில் தேறியதாக ஒன்றை எடுங்கள்.

எடுத்துச் செல்லும்போது முதலில் பாடம் சொல்வது பிடிதான். பட்டறையில் நாம் பிடியை ஐந்து நிமிடத்துக்கு மேல் இறுக்கிப் பிடிப்பதே இல்லை. என் மூன்றாவது கத்தியின் பிடிக்கு அடிப்பக்கம் கூரான விளிம்பு விட்டிருந்தேன். போட்டோவில் பிரமாதமாக இருக்கும். வீடு மாறிய அன்று அட்டைப்பெட்டிகளை அதனால் கிழித்துக்கொண்டே இருந்தேன். இருபதாவது பெட்டி வாக்கில் சுண்டுவிரலின் அடியில் எரிந்தது. பார்த்தால் கொப்புளம். அன்று இரவே உப்புத்தாளால் அந்த விளிம்பை உருட்டினேன், ஐந்து நிமிட வேலை. பார்வைக்கு இப்போது மொண்ணைதான். ஆனால் இருட்டில் எடுத்தால்கூட கையில் சரியாக உட்காருகிறது.

அடுத்தது உறை. நான் தைத்த முதல் உறை, காரில் குனிந்து உட்கார்ந்தபோது கத்தியை அப்படியே சீட்டில் கழற்றிவிட்டது. அதன்மேல் உட்காராதது யார் செய்த புண்ணியமோ. தலைகீழாகப் பிடித்து உதறினாலும் விழாத உறையில்தான் கத்தி வெளியே போகலாம். இன்னொன்று, தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 1084 துருவேறாத எஃகு அல்ல, இரவில் துடைத்து உறைக்கு வெளியே வையுங்கள். நாளடைவில் அலகில் ஒரு கருநீலம் படியும். அது துரு அல்ல, தேய்த்து எடுத்துவிடாதீர்கள்.

இடுப்பில் மாட்டுவது பற்றி: வேண்டாம். அறிமுகமில்லாதவர்களுக்கு உறையில் தெரிவது உங்கள் கைவேலை அல்ல, கத்தி. அவர்கள் மிரள்வதில் தப்பில்லை. பைக்குள் இருக்கட்டும். மடக்காத கத்தியைச் சட்டம் பல இடங்களில் மடக்குக் கத்தியைப் போலப் பார்ப்பதில்லை, அலகு நீளத்துக்கும் விதி உண்டு. உங்கள் ஊர் விதியைப் படித்துவிட்டு எடுங்கள், அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தற்காப்புக்கு ஆகும் என்ற நினைப்பு ஓரமாக எங்காவது இருந்தால் தகரப்பெட்டியே மேல்.

மடக்குக் கத்தியையும் தூக்கிப்போட வேண்டாம். முதல் மாதம் இரண்டும் பையில் இருக்கட்டும். எதற்காக எதை எடுக்கிறீர்கள் என்று மட்டும் பாருங்கள். சும்மா இருக்கும்போதும் கை, கடையில் வாங்கிய கத்தியை நோக்கியே போனால், அது ஏன் என்பதில் உங்கள் எட்டாவது கத்தி இருக்கிறது.

அதற்கெல்லாம் முன்னால் இந்த ஞாயிறு ஒரு வேலை. நண்பர்களிடம் இருக்கும் அந்த இரண்டையும் ஒரு நாளைக்குத் திருப்பி வாங்கி, பித்தளைக் கம்பியில் இழுத்துப் பாருங்கள். ஏன் என்று கேட்டால் சாணை பிடித்துத் தருகிறேன் என்று சொல்லுங்கள், யாரும் மறுக்கமாட்டார்கள்.

அன்புடன்.