சோனியின் 'இரண்டும் ஒன்றான' கன்சோலுக்காகக் காத்திருக்கலாமா?

வாசகர் கேள்வி: அடுத்த பிளேஸ்டேஷன் டிவியிலும் கையிலும் விளையாடும்படி வரப்போகிறது என்கிறார்கள். பிளேஸ்டேஷன் 5 வாங்கப் பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். இப்போதே வாங்கட்டுமா, பொறுத்திருக்கட்டுமா?

டிவியில் விளையாடுவதுதான் உங்கள் ஆசை என்றால் இப்போதே வாங்கிவிடுங்கள். வெளியில் போகும்போது கையில் வைத்து விளையாடத்தான் இத்தனை யோசனையும் என்றால், அந்தப் பணத்தைத் தொடாதீர்கள். டிவி போதும் என்பவர், சோனி வாய் திறக்காத ஒரு கருவிக்காக, கையில் இருக்கும் வாய்ப்பைத் தள்ளிப்போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

'ஒன்றாக வருகிறது' என்ற பேச்சில் இரண்டு திட்டங்கள் கலந்து கிடக்கின்றன. கருவி ஒன்றே, டிவியில் பொருத்தினால் வீட்டுக் கன்சோல், எடுத்தால் கையடக்கம் என்பது ஒரு திட்டம். கருவிகள் இரண்டு, வாங்கிய கேம் இரண்டிலும் ஓடும் என்பது இன்னொன்று. சோனியின் போட்டி நிறுவனமான நின்டெண்டோ விஷயத்திலும் இதே மயக்கம் இருந்தது. 2013-ல் அந்த நிறுவனம் வீட்டுக் கன்சோல், கையடக்கப் பிரிவுகளை இணைத்தது. மறு ஆண்டு அதன் தலைவர் சடோரு இவாட்டா, இனி வரும் கருவிகள் ஒரு குடும்பத்துச் சகோதரர்களைப் போல இருக்கும், அவற்றின் எண்ணிக்கை கூடினாலும் கூடலாம் என்றார். கேட்பவருக்கு இரண்டாவது திட்டம்தான் நினைவுக்கு வரும். ஆனால் 2017 மார்ச் 3-ல் வந்தது டிவியிலும் கையிலும் ஓடும் ஒரே கருவி, ஸ்விட்ச். டிவியில் இணைக்க முடியாத தம்பி ஸ்விட்ச் லைட் 2019-ல்தான் வந்தது. தலைவரே சொன்ன வார்த்தையிலிருந்துகூட கருவியின் உருவத்தைக் கணிக்க முடியவில்லை. வதந்தியை வைத்து எப்படிக் கணிப்பது?

சோனி எதைச் செய்யும் என்பதை வதந்தியைவிட மின்சாரக் கணக்கு தெளிவாகச் சொல்லும். பிளேஸ்டேஷன் 5 பெரிய கேம்களை ஓட்டும்போது ஏறத்தாழ 200 வாட் இழுக்கிறது. முதல் ஸ்விட்ச்சின் பேட்டரி 16 வாட்-மணி, அதாவது 16 வாட்டை ஒரு மணி நேரம் தரும் அளவு. அதைக் கொண்டு பிளேஸ்டேஷன் 5-ஐ ஓட்டினால் ஐந்து நிமிடம்கூடத் தாங்காது. கையடக்கக் கணினிகளில் பெரியவற்றில் இருக்கும் 80 வாட்-மணி பேட்டரியும் அரை மணிக்குள் தீர்ந்துவிடும். அந்தச் சூட்டைக் கையில் பிடிக்கவும் முடியாது. ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கணினியின் சிப் அதிகபட்சம் 15 வாட்டில் இயங்குவது இதனால்தான். ஆகவே டிவிக்கு முழு பலத்துடன் ஒன்று, கைக்குச் சிறியதாக ஒன்று என்று இரண்டு கருவிகளாகப் பிரிப்பதே சோனிக்கு இயல்பான வழி என்பது என் கணிப்பு.

ஸ்விட்ச்சை டாக் எனும் டிவி இணைப்புத் தாங்கியிலிருந்து உருவும் அந்த நொடியைக் கவனித்திருக்கிறீர்களா? டிவி இருண்டு, கையிலுள்ள திரை ஒளிர்ந்து, விட்ட இடத்திலேயே ஆட்டம் தொடர்கிறது. அதற்குள் சிப்பின் வேகம் இறக்கப்பட்டுவிடுகிறது. 'பிரெத் ஆஃப் த வைல்ட்' கேம் டிவியில் 900 வரிகளில் வரையப்படுகிறது, கையில் 720-ல். திரை 6.2 அங்குலம்தான் என்பதால் கண்ணை உறுத்துவதில்லை. முதலில் வீ யூ என்ற முந்தைய கன்சோலுக்காகத் தொடங்கப்பட்டாலும், பிறகு இந்த இரட்டை வேலைக்கு ஏற்ப நின்டெண்டோவே மாற்றியமைத்த கேம் அது. பெரிய டிவிக்கென்றே செய்த கேமில் பொடி எழுத்துகளைக்கூடக் கைத்திரைக்காக மாற்ற வேண்டியிருக்கும். எனவே இன்றைய பிளேஸ்டேஷன் 5 கேம்கள் எல்லாம் நாளைய கையடக்கத்தில் அப்படியே ஓடும் என்று எண்ணிவிடாதீர்கள்.

இப்போது வாங்கும்போது டிஸ்க்கா, டிஜிட்டலா என்பதில் மட்டும் கவனம் வையுங்கள். சோனியின் பழைய கையடக்கமான பிஎஸ்பிக்கு யுஎம்டி என்ற சிறு டிஸ்க்குகளாக கேம்களை வாங்கிச் சேர்த்தவர்களை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. அடுத்து வந்த கையடக்கமான வீட்டாவில் அந்த டிஸ்க்கைப் போட இடமே இல்லை. டவுன்லோடாக வாங்கிய பிஎஸ்பி கேம்களில் பலவோ வீட்டாவிலும் ஓடின. டிஸ்க்கைப் பிறகு விற்கலாம் என்பது உண்மைதான். ஆனாலும் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப விளையாடப் போகும் கேம்களை டிஜிட்டலாகவே வாங்குங்கள்.

வீட்டில் டிவி எப்போதும் மற்றவர்கள் கையில் என்பதுதான் உங்கள் சிக்கல் என்றால், அதற்கு பிளேஸ்டேஷன் போர்ட்டல் என்ற திரையுள்ள கைக்கருவி ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் கேம் அதற்குள் ஓடுவதில்லை. வைஃபை வழியாகப் படம் மட்டுமே வருகிறது. அதனால் கன்சோல் வந்ததும் கன்சோலின் படத்தை போனுக்கு அனுப்பும் இலவசமான ரிமோட் பிளே செயலியை போனில் போட்டு, நீங்கள் வழக்கமாகப் படுக்கும் அறையில் ஒரு மணி நேரம் விளையாடிப் பாருங்கள். அங்கே படம் தடுமாறினால் போர்ட்டலிலும் தடுமாறும்.