ஈசிஜி ஒயர் முதல் பிபி கஃப் வரை: தூய்மை குறித்த வாசகர் கேள்விகள்

கேள்வி: ஒரு நோயாளியிடமிருந்து கழற்றிய ஈசிஜி ஒயர்களை ஸ்பிரிட் பஞ்சால் ஒருமுறை துடைத்துவிட்டு அடுத்தவருக்கு மாட்டுகிறோம். இது போதுமா?

பதில்: போதாது. ஜெல்லும் வியர்வையும் படிந்திருக்கும்வரை அவற்றின் அடியில் உள்ள கிருமிகளைக் கிருமிநாசினி சென்றடையாது என்பதால், முதலில் சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் அழுக்கை அகற்ற வேண்டும். அதன்பின் கிருமிநாசினியால் துடைத்து, அதன் லேபிளில் குறிப்பிட்டுள்ள நேரம் முழுவதும் ஒயர் ஈரமாகவே இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்பிரிட் மிக விரைவில் உலர்ந்துவிடும். கிளிப்பின் உட்புறமும் ஒயர்கள் பிரியும் இடமும்தான் பெரும்பாலும் விடுபடுகின்றன. உறை வெடித்த ஒயரையும், பிளாஸ்திரி சுற்றி ஒப்பேற்றிய ஒயரையும் எதைக் கொண்டும் முறையாகத் தூய்மைப்படுத்த முடியாது. அவற்றை மாற்றத்தான் வேண்டும்.

கேள்வி: தோலை மட்டுமே தொடும் கருவியால் பெரிய ஆபத்து வந்துவிடுமா?

பதில்: வரும். இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில், நரம்பியல் தீவிர சிகிச்சைப் பிரிவு ஒன்றில் 2015 முதல் 2017 வரை 70 நோயாளிகளிடம், பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத காண்டிடா ஆரிஸ் என்னும் பூஞ்சை கண்டறியப்பட்டது. வேறு பல கட்டுப்பாடுகளை மேற்கொண்டும் பரவல் அடங்கவில்லை. அக்குளில் வைத்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தப்பட்ட வெப்பநிலை ப்ரோப்களை (உடல் வெப்பத்தை அளக்கும் உணரிகளை) அகற்றிய பிறகே புதிய தொற்றுகள் குறைந்தன. காயத்தைத் தொடாத கருவிதானே என்று அலட்சியம் காட்டுவோருக்கு நான் எப்போதும் எடுத்துச் சொல்வது இதைத்தான்.

கேள்வி: குளோஸ்டிரிடியம் டிஃபிசில் தொற்றால் வயிற்றுப்போக்கு உள்ளவருக்குக் கட்டிய பிபி கஃபை எப்படிச் சுத்தம் செய்வது?

பதில்: இக்கிருமியின் வித்துகளை (கடினமான உறைக்குள் உறங்கும் அதன் வடிவத்தை) ஸ்பிரிட் அழிப்பதில்லை, ஹைப்போகுளோரைட் (பிளீச்) போன்ற, வித்துகளைக் கொல்லும் திறனுள்ள கிருமிநாசினி தேவை. ஆயினும் அது உலோகத்தை அரிக்கும், துணியையும் நைந்துபோகச் செய்யும். ஆகவே அந்த நோயாளிக்கென ஒரு கஃபை ஒதுக்கிவிடுவதே என் பரிந்துரை.

கேள்வி: உணவுக்குழாய்க்குள் செலுத்தும் வெப்பநிலை ப்ரோப்புக்கும் இதே முறைதானா?

பதில்: இல்லை. சளிச்சவ்வைத் தொடுவதால் அதற்கு உயர்நிலைக் கிருமிநீக்கம் (பெருமளவிலான வித்துகளைத் தவிர எல்லாக் கிருமிகளையும் அழிக்கும் முறை) கட்டாயம். ஒருமுறை மட்டும் பயன்படுத்துமாறு உறையில் அச்சிட்டிருந்தால் மறுபயன்பாட்டுக்கே இடமில்லை.

கேள்வி: மானிட்டர் திரையில் கிருமிநாசினியை நேரடியாகத் தெளிக்கலாமா?

பதில்: கூடாது. மின் இணைப்பைத் துண்டித்த பின், துணியில் தெளித்துத் துடையுங்கள். ஒயர்களின் இணைப்பு முனைகளையும் திரவத்தில் மூழ்கவிடக் கூடாது. உள்ளே தங்கும் ஈரம் முனைகளை அரித்து, திரையில் தவறான அளவுகளைக் காட்டச் செய்யும்.