லீஷ்மன் சாயத்தில் சிவப்பணுக்கள் நீலச்சாம்பலாகத் தெரிவது

பஃபரைத்தான், அதாவது சாயத்தோடு சேர்க்கும் கரைசலைத்தான், முதலில் சந்தேகப்படுங்கள். நான்கு முறை ஸ்மியர் (ஸ்லைடில் மெல்லிய ரத்தப் பூச்சு) போட்டும் சிவப்பணுக்கள் நீலச்சாம்பலாகவே வருகின்றன என்கிறீர்கள். அப்படியானால் கைப்பழக்கத்தில் குறை இருக்க வாய்ப்பு குறைவு. பஃபரின் பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) 6.8 இருக்க வேண்டும். அதற்கு மேலே போனால் நீலச் சாயம் தூக்கலாகப் பிடிக்கும், ஈயோசின் என்ற சிவப்புச் சாயம் மங்கிவிடும். பஃபருக்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஊற்றினாலும் பெரும்பாலும் இதே கதைதான்.

உறுதிசெய்ய ஒரு வழி: ஒரே ரத்தத்தில் இரண்டு ஸ்லைடு எடுங்கள். ஒன்றுக்குப் பழைய பஃபர், மற்றதற்கு பிஎச் மீட்டரில் பார்த்துப் புதிதாகத் தயாரித்தது. நேரத்தை மாற்றாதீர்கள்: சாயம் மட்டும் 2 நிமிடம், அப்புறம் இருமடங்கு பஃபர் சேர்த்து 8 நிமிடம். பிறகு ஈயோசினோஃபில் (ஒருவகை வெள்ளணு) ஒன்றைத் தேடுங்கள். அதன் துகள்கள் ஆரஞ்சுச் சிவப்பாக இருந்தால் பிஎச் சரி. சிவப்பணுவின் நிறத்தைவிட இதை நான் அதிகம் நம்புவேன்.

இரண்டு ஸ்லைடும் நீலமாகவே இருந்தால், ஸ்மியர் தடிமனா, கழுவியது போதவில்லையா என்று பாருங்கள்.

ஆனால் ஒன்று. ரத்தத்தில் புரதம் மிகுந்த நோயாளிகளுக்கு, மைலோமா (எலும்பு மஜ்ஜையில் வரும் ஒருவகைப் புற்றுநோய்) போன்றவற்றில், பின்னணியே நீலமாகத் தெரியும். அது சாயத்தின் பிழை அல்ல, நோயின் தடயம். அதே நாளில் வேறொருவரின் ரத்தத்தையும் சாயமேற்றி ஒப்பிடாமல் அந்த ஸ்லைடைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மலேரியா ஒட்டுண்ணி தேடும்போது வேண்டுமென்றே பிஎச் 7.2 உள்ள பஃபரைப் பயன்படுத்துவார்கள், உங்கள் மேசைக்கு அந்தப் பாட்டில் வந்துவிட்டதா என்றும் லேபிளைப் பாருங்கள்.