துப்பிவிட்டால் தப்பிக்கலாமா?

கேள்வி: முக்கூடல் பக்கம் எங்கள் ஊர். 24 வயது, முதல் பிள்ளை, ஐந்தாம் மாதம். வீட்டிலிருந்து பீடி சுற்றுகிறேன். மூன்று வருடமாக வெற்றிலையோடு புகையிலை போடுகிறேன். குமட்டலுக்கு அது நல்லது என்கிறார் மாமியார். சாற்றை விழுங்குவதில்லை, துப்பிவிடுகிறேன். பிள்ளைக்கு ஏதும் ஆகுமா? பீடி வேலையையும் விட வேண்டுமா?

பதில்: துப்பினாலும் தப்ப முடியாதும்மா. நிகோடின் கன்னத்தின் உள்தோல் வழியாகவே ரத்தத்தில் ஏறிவிடும். நீங்கள் தடவுகிற சுண்ணாம்பு அதை இன்னும் வேகமாக ஏற்றும். போட்ட கொஞ்ச நேரத்தில் ஒரு சுறுசுறுப்பு வருகிறதே, அது இதனால்தான். அங்கிருந்து நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்கும் போகிறது.

நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். மடையைப் பாதி அடைத்தால் வயலுக்கு எவ்வளவு தண்ணீர் பாயும்? அந்த நிலைமைதான் பிள்ளைக்கு. எடை 2.5 கிலோவுக்குக் குறைவது, 37 வாரம் நிறையுமுன் பிறப்பது, சில நேரம் வயிற்றிலேயே இறந்துபோவது, இதற்கெல்லாம் வாய்ப்பு கூடுகிறது. புகைத்தால்தான் இப்படி என்றில்லை, மெல்லும் புகையிலைக்கும் இதே கதைதான். சரி, புகையிலையை விட்டு வெறும் பாக்கு போடலாமா என்றால் அதுவும் வேண்டாம். பாக்கும் வாய்ப்புற்றைக் கொண்டுவரும், பழக்கமாகவும் ஒட்டிக்கொள்ளும்.

மாமியாரோடு சண்டை வேண்டாம். அவர் காலத்தில் இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் ஐந்தாம் மாதத்தில் மசக்கை பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே குறைந்துவிடும். புகையிலை போட்டதும் உங்களுக்குச் சுகமாக இருப்பது, பழகிய உடம்பின் தவிப்பு அடங்குவதால்.

இன்றே நிறுத்துங்கள். ஐந்து மாதம் போய்விட்டதே என்று நினைக்காதீர்கள், இனிமேல்தான் பிள்ளை எடை போடும். முதல் மூன்று நான்கு நாள் தலைவலி, எரிச்சல், தூக்கமின்மை வரும். அதனால் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை. சில வாரத்தில் அடங்கிவிடும். ஆசை எழும்பும்போது வாயில் போட ஒரு கை பொரிகடலையோ நெல்லிக்காய்த் துண்டோ பக்கத்தில் இருக்கட்டும். 1800-11-2356 என்ற இலவச எண்ணில் புகையிலையை விட ஆலோசனை தருகிறார்கள். நிகோடின் சூயிங்கத்தை மட்டும் டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

பீடி வேலையை விட்டுவிடுங்கள் என்று சொல்வது எனக்கு எளிது, வாரக் கடன் தவணையை நானா கட்டப்போகிறேன்? ஆனால் தூளிலிருந்தும் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் கொஞ்சம் நிகோடின் உடம்பில் சேரும். முடிந்தால் வீட்டில் இன்னொருவரோடு வேலையை மாற்றிக்கொள்ளுங்கள்: இலை வெட்டுவது உங்களுக்கு, தூள் வைத்துச் சுற்றுவது அவருக்கு. அதற்கு வழியில்லை என்றால் திண்ணையில் காற்றோட்டமாக உட்கார்ந்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு சுற்றுங்கள். சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தூள் பொட்டலம் படுக்கிற அறையில் இருக்க வேண்டாம். கணவர் பீடி குடிப்பவர் என்றால் வீட்டுக்கு வெளியே போய்க் குடிக்கட்டும்.

அப்புறம் ஒன்று. சுகாதார நிலையத்தில் "ஏதும் பழக்கம் உண்டா?" என்று கேட்டால், நம் பக்கத்துப் பெண்கள் பலரும் இல்லை என்றே சொல்கிறார்கள். புகையிலை போடுவதை யாரும் பழக்கமாகவே நினைப்பதில்லை! நீங்கள் சொல்லிவிடுங்கள். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருக்கிறதா, ஸ்கேனில் பிள்ளை வளர்ச்சி சரியாக இருக்கிறதா என்று கூடுதல் கவனத்தோடு பார்ப்பார்கள். போகும்போது மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மருமகள் சொல்வதைவிட நர்ஸம்மா சொன்னால் கேட்டுக்கொள்வார்.