மகன் பெரிய பைக் கேட்கிறான்: ரெஸ்ட்ரிக்டரும் லைசென்ஸும்

பிரிட்டனில் வாழும் நம் குடும்பங்கள் கேட்ட கேள்விகள் இவை. வட அயர்லாந்தில் சில விதிகள் வேறு. அதனால் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸை மனத்தில் வைத்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: மகனுக்கு 17 வயது, சிபிடி என்ற கட்டாய அடிப்படைப் பயிற்சியை முடித்துவிட்டான். 600 சிசி பைக்கில் ரெஸ்ட்ரிக்டர் (இன்ஜின் திறனைக் குறைக்கும் ஏற்பாடு) போட்டு ஓட்டலாம் என்கிறான். ஓட்டலாமா?

பதில்: முடியாது அக்கா. 17 வயதில் 125 சிசி, 11 கிலோவாட்தான் எல்லை. சிபிடி இரண்டு வருடம்தான் செல்லும். அதை மட்டும் வைத்து ஓட்டினால் எல் போர்டு மாட்ட வேண்டும், மோட்டார்வேயில் ஏறக்கூடாது, பின்னால் யாரையும் ஏற்றக்கூடாது. தேர்வுகளில் தேறி ஏ1, அதாவது இந்தச் சிறிய பைக்குகளுக்கான முழு லைசென்ஸ், எடுத்துவிட்டால் இந்த மூன்று தடையும் போய்விடும். ரெஸ்ட்ரிக்டர் போட்ட பெரிய பைக் என்பது அடுத்த படியான ஏ2 லைசென்ஸுக்கு உரியது. அதற்கு 19 வயது ஆக வேண்டும்.

கேள்வி: ஏ2-க்கு எந்தப் பைக்கையும் கட்டுப்படுத்தி ஓட்டலாமா?

பதில்: இங்கேதான் நிறையப் பேர் பணத்தை விடுகிறார்கள். 35 கிலோவாட், அதாவது சுமார் 47 குதிரைத்திறன், என்ற எல்லை எல்லோருக்கும் தெரியும். ஆனால் கட்டுப்படுத்துவதற்கு முன் அந்தப் பைக்கின் முழுத்திறன் 70 கிலோவாட்டைத் தாண்டியிருக்கக் கூடாது. யமஹா எம்டி-07 இதற்குள் அடங்கும். யமஹா ஆர்6 அடங்காது, அதில் எந்த ரெஸ்ட்ரிக்டரைப் போட்டாலும் ஏ2 ஆகாது.

எடையும் கணக்கில் வரும். ஒரு கிலோவுக்கு 0.2 கிலோவாட்தான் அனுமதி. 35 கிலோவாட் முழுதாக வேண்டுமென்றால் பைக் 175 கிலோவாவது இருக்க வேண்டும். 150 கிலோ பைக் என்றால் 30 கிலோவாட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

கேள்வி: ரெஸ்ட்ரிக்டர் போட்டால் இன்ஜின் கெட்டுப்போகுமா?

பதில்: ஒழுங்காகப் போட்டால் கெடாது. பழைய கார்புரேட்டர் வண்டிகளில் சிறு துளையுள்ள வாஷர்களை உள்ளே வைத்துக் காற்றும் பெட்ரோலும் போகும் வழியைக் குறுக்குவார்கள். இன்னொரு முறையில் திராட்டில் (ஆக்சிலரேட்டர்) முழுதாகத் திறக்காமல் ஒரு தடுப்பு வைப்பார்கள். புதிய வண்டிகளில் பெரும்பாலும் ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) புரோகிராமை மாற்றுவதோடு வேலை முடிந்துவிடும். திராட்டில் தடுப்பு வைத்த வண்டி நகருக்குள் கிட்டத்தட்ட முழுத்திறன் வண்டி போலவே இழுக்கும். உச்சத்தில்தான் அடங்கும். புதிதாக ஓட்டுபவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்பது என் எண்ணம்.

கேள்வி: அந்தக் காலத்தில் 33 குதிரைத்திறனில் இரண்டு வருடம் ஓட்டினேன், அப்புறம் தானாகவே முழு லைசென்ஸ் ஆகிவிட்டது. இப்போதும் அப்படித்தானே?

பதில்: இல்லை அண்ணா. 2013 ஜனவரி 19-இல் அது மாறிவிட்டது. இப்போது ஏ2 வாங்கி இரண்டு வருடம் ஆன பிறகு, 21 வயதுக்கு மேல், திறன் எல்லை இல்லாத முழு ஏ லைசென்ஸுக்கான செய்முறைத் தேர்வுகளில் மறுபடி தேற வேண்டும். காத்திருந்து 24 வயதில் நேரடியாக ஏ எடுப்பவர்களும் உண்டு.

கேள்வி: நண்பர்கள் ரெஸ்ட்ரிக்டரைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறார்கள். யாருக்குத் தெரியப்போகிறது?

பதில்: தம்பி, விபத்து நடந்த அன்றைக்குத் தெரியும். இன்சூரன்ஸ் ஆட்கள் வண்டியைப் பிரித்துப் பார்ப்பார்கள். கழற்றிய நொடியிலிருந்து உன் லைசென்ஸ் அந்த வண்டிக்குப் பொருந்தாது. இன்சூரன்ஸும் செல்லாமல் போகலாம். இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் லைசென்ஸில் குறைந்தது 6 தண்டனைப் புள்ளி. முதல் முழு லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடத்துக்குள் 6 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸே ரத்து. கார் லைசென்ஸும் சேர்ந்தே போகும், தியரியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். நீ மோதியவருடைய குடும்பத்தையும் நினைத்துப் பார். தயவுசெய்து கழற்றாதே.

கேள்வி: கட்டுப்படுத்திய என் சொந்த வண்டியிலேயே ஏ2 தேர்வுக்குப் போகலாமா?

பதில்: போகலாம், சான்றிதழ் வேண்டும். டீலரோ, அதிகாரபூர்வ இறக்குமதியாளரோ, அங்கீகாரம் பெற்ற நிபுணரோ தந்ததாக இருக்க வேண்டும். டைனோ (திறனை அளக்கும் இயந்திரம்) அளவீட்டுத் தாள் செல்லாது. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் ரெஸ்ட்ரிக்டர் போட்டதைச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: சென்னையிலிருந்து படிக்க வந்திருக்கிறேன், 22 வயது. ஊர் லைசென்ஸ் போதுமா?

பதில்: இங்கே குடியேறியதிலிருந்து 12 மாதம் வரை, அதில் உள்ள வகை வண்டியை ஓட்டலாம். இந்திய லைசென்ஸை அப்படியே இங்கத்திய லைசென்ஸாக மாற்றித் தர மாட்டார்கள். அதற்குப் பிறகு தற்காலிக லைசென்ஸ், சிபிடி, தேர்வுகள் என்று முதலிலிருந்து வர வேண்டும். உங்கள் வயதுக்கு இப்போது ஏ2 வரைதான் கிடைக்கும். அந்த 12 மாதம் முடியும்வரை காத்திருக்காமல் இப்போதே தொடங்குங்கள்.